1:100 என்று போட்ட பிளான் பேப்பரில் ஏன் 1:100-ஆக வருவதில்லை?

ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடம் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன சிவில் டிப்ளமோ தம்பி ஒருவர், கம்ப்யூட்டரில் பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் பற்றிக் கேட்டது இது: "ஆட்டோகேடில் வீட்டு பிளான் வரைகிறேன். பிளாட் (பிரிண்ட் கட்டளை) கொடுக்கும்போது விண்டோ போட்டு, ஃபிட் டு பேப்பர் டிக் பண்ணி பிடிஎஃப் எடுக்கிறேன். கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அளவு ஒத்துவரவில்லை. கோடெல்லாம் ஒரே தடிமனாக இருக்கிறது. மோனோக்ரோம் கொடுத்தும் சில கோடுகள் கலரிலேயே வருகின்றன. கேட் டிசைனை லேசர் கட்டிங் கடைக்கு அனுப்பினால் ஃபைல் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன்?"

நான்கு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்விக்குத்தான் நிறைய இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்றதெல்லாம் தப்பாகப் போனால் பேப்பர் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். அளவு தப்பாகப் போனால் சைட்டில் செங்கல்லும் மரமும் வீணாகும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஜன்னல் சட்டத்துக்கு 1:20-இல் ஒரு டீட்டெய்ல் ஷீட் கொடுத்தேன். சட்டத்தின் மொத்த அகலத்தை எழுத விட்டுப்போயிற்று. ஆசாரி பேப்பரில் ஸ்கேல் வைத்து அளந்தார். 1200 மி.மீ. சட்டம் 1:20-இல் சரியாக 60 மி.மீ. இருக்க வேண்டும். அவர் கையில் இருந்த பேப்பரில் அது 57.6 மி.மீ. தான் இருந்தது. பிரிண்ட் எடுக்கும்போது 96 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது. அவர் அளந்தபடி 1152 மி.மீ.க்குச் சட்டம் அடித்துவிட்டார். ஏறக்குறைய இரண்டு அங்குலம் குறைவு. ஓப்பனிங் ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தது. ஏழு சட்டத்துக்கும் பக்கவாட்டில் பட்டை வைத்து அடைக்க வேண்டியதாயிற்று. ஆசாரி மேல் ஒரு குறையும் இல்லை. நான் கொடுத்த பேப்பர் அவருக்குத் தப்பான அளவைச் சொன்னது. அன்றிலிருந்து அளந்து பார்க்காமல் ஒரு ஷீட்டும் என் மேசையை விட்டுப் போனதில்லை.

சுருக்கம் எங்கே நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அது ஒரே இடத்தில் நடப்பதில்லை. முதல் இடம் ஆட்டோகேடின் பிளாட் டயலாக். ஃபிட் டு பேப்பர் என்றால் "இந்தத் தாளுக்குள் எப்படியாவது அடக்கு" என்று பொருள். அப்போது ஸ்கேல் 1:113.6 என்றோ 1:97.2 என்றோ எதுவாகவும் அமையும். அந்த எண் டயலாக்கிலேயே சாம்பல் நிறத்தில் தெரியும், யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது இடம் பிடிஎஃப்-ஐத் திறந்து பிரிண்ட் கொடுக்கும் இடம். அக்ரோபாட் ரீடரில் ஃபிட், ஆக்சுவல் சைஸ், ஷ்ரிங்க் ஓவர்சைஸ்டு பேஜஸ் என்று இருக்கும். ஃபிட் தேர்வாகி இருந்தால், பிரிண்டர் ஓரத்தில் விடும் மார்ஜினுக்காக மொத்தப் படத்தையும் சில சதவீதம் சுருக்கிவிடும். என் ஏழு ஜன்னல்களும் இந்த இடத்தில்தான் மாட்டின. மூன்றாவது இடம் ஜெராக்ஸ். ஏ1-ஐ ஏ3-ஆகச் சுருக்கி நகல் எடுத்து மேஸ்திரிக்குக் கொடுப்போம், ஆனால் தலைப்பில் மட்டும் 1:100 என்றே நிற்கும்.

அந்தக் காலத்து அமோனியா பிரிண்டில் இந்தச் சிக்கலுக்கு வழியே இல்லை. டிரேசிங் ஷீட்டும் மருந்து தடவிய பேப்பரும் ஒன்றோடொன்று ஒட்டியபடி மெஷினுக்குள் போய் வெளியே வரும். டிரேசிங்கில் இருந்த அளவுதான் பிரிண்டிலும் இருக்கும், பேப்பர் ஈரத்தில் சற்று இழுபட்டால் உண்டு. வாசனை மட்டும் நாள் முழுக்க மூக்கில் நிற்கும். பெரிய மேஸ்திரிகள் சிலர் இன்றைக்கும் பேப்பரில் ஸ்கேல் வைத்து அளப்பது அந்தப் பழக்கத்தில்தான். "எழுதின அளவை மட்டும் பாருங்கள், ஸ்கேல் வைக்காதீர்கள்" என்று ஷீட்டில் எழுதுவது நல்லது, எழுதுங்கள். ஆனாலும் ஒருவர் வைப்பார். அவர் வைத்தாலும் சரியாக வருகிற மாதிரி பேப்பரைக் கொடுப்பது நம் வேலை.

இனி செய்யும் முறை. ஆட்டோகேடில் வரைவதை மாடல் ஸ்பேஸில், அதாவது தாள் எல்லை இல்லாத வரையும் இடத்தில், முழு அளவில் வரையுங்கள். 10 அடி அறை என்றால் 10 அடியாகவே. அதில் மாற்றமில்லை. ஆனால் பிரிண்ட்டை மாடல் ஸ்பேஸிலிருந்து எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆட்டோகேட் 1982-இல் வந்தது. தாளைத் தனியாக அமைக்கும் பேப்பர் ஸ்பேஸ் என்ற ஏற்பாடு 1990-இல், ரிலீஸ் 11-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் எல்லாரும் உங்களைப் போல விண்டோ போட்டுத்தான் எடுத்தார்கள். வேறு வழி இல்லாததால் அப்படிச் செய்தார்கள். இப்போது வழி இருக்கிறது.

அந்த பேப்பர் ஸ்பேஸ்தான் கீழே இருக்கும் லேஅவுட் டேப். அதை ஒரு தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் அந்த வெள்ளைச் செவ்வகம்தான் உங்கள் கைக்கு வரப்போகும் பேப்பர், அதே அளவில். டேப் மேல் ரைட் கிளிக் செய்து பேஜ் செட்அப் மேனேஜருக்குப் போங்கள். பிரிண்டராக டிடபிள்யூஜி டு பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பேப்பர் அளவில் ஐஎஸ்ஓ ஏ1 என்றே இரண்டு மூன்று வகை இருக்கும். அதில் ஃபுல் பிளீட் என்று இருப்பதை எடுங்கள். அதற்கு மார்ஜின் கிடையாது, 841-க்கு 594 மி.மீ. முழுவதும் உங்களுக்கு. பிளாட் ஏரியா லேஅவுட், அலகு மில்லிமீட்டர், ஸ்கேல் 1:1. இந்த 1:1-ஐ இனி எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். தாளை அதே அளவு தாளாக எடு என்று சொல்கிறோம், அவ்வளவுதான். பிளானின் ஸ்கேல் இங்கே இல்லை.

பார்டரையும் டைட்டில் பிளாக்கையும் (பெயர், ஸ்கேல் எழுதும் கட்டம்) இந்த லேஅவுட்டில் மில்லிமீட்டரில் நேரடியாக வரையுங்கள். ஃபைல் போட இடது பக்கம் 20 மி.மீ., மற்ற மூன்று பக்கமும் 10 மி.மீ. உள்ளே தள்ளி வரைவது ஐஎஸ்ஓ வழக்கம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. கடை பிளாட்டர் ஓரத்தில் நாலைந்து மில்லிமீட்டரை விட்டுவிட்டாலும் உங்கள் பார்டர் வெட்டுப்படாது. ஃபுல் பிளீட் எடுத்துவிட்டு பார்டரைத் தாள் விளிம்பிலேயே வரைந்தவர்களுக்குத்தான் ஒரு பக்கக் கோடு காணாமல் போகும்.

அப்புறம் எம்வி என்று டைப் செய்து ஒரு வியூபோர்ட் போடுங்கள். தாளில் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் வழியே மாடல் ஸ்பேஸைப் பார்ப்பது போன்ற ஏற்பாடு இது. அந்த ஜன்னலுக்குத்தான் ஸ்கேல். உள்ளே டபுள் கிளிக் செய்து, ஜூம் கமாண்ட் கொடுத்து, 1/100 என்று அடித்து அதோடு எக்ஸ்பி என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்து என்டர் அடியுங்கள். மி.மீ.-இல் வரைந்த பிளான் தாளில் 1:100-க்கு வந்து உட்காரும்.

நம் ஊரில் பலரும் மாட்டுவது இந்த இடத்தில்தான். நீங்கள் அடி அங்குலத்தில் வரைபவராக இருந்தால், ஆட்டோகேடுக்கு ஒரு யூனிட் என்பது ஒரு அங்குலம். தாளோ மில்லிமீட்டரில் இருக்கிறது. அங்கே 1/100 எக்ஸ்பி கொடுத்தால் பிளான் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிப் போகும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதை 100-ஆல் வகுத்தால் 0.254. ஆகவே 0.254 எக்ஸ்பி கொடுக்க வேண்டும். மீட்டரில் வரைந்த சர்வே பிளானில் ஒரு யூனிட் 1000 மி.மீ., 100-ஆல் வகுத்தால் 10. எனவே 10 எக்ஸ்பி. கணக்கு எப்போதும் ஒன்றுதான்: ஒரு யூனிட் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, அதை ஸ்கேல் எண்ணால் வகுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எட்டில் ஒரு அங்குலம் ஓர் அடிக்கு என்று போடும் ஸ்கேலை 1:100 என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். அது 1:96. நாலில் ஒரு அங்குலம் ஓர் அடிக்கு என்பது 1:48, 1:50 இல்லை. 40 அடி நீள வீட்டில் அந்த நாலு சதவீதம் ஒன்றரை அடிக்கு மேல் போகும். டைட்டில் பிளாக்கில் எதை எழுதுகிறீர்களோ அதையே ஜன்னலிலும் கொடுங்கள்.

ஸ்கேல் வைத்ததும் வியூபோர்ட்டைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸில் டிஸ்ப்ளே லாக்டு என்பதை யெஸ் ஆக்குங்கள். இதைச் செய்யாவிட்டால், உள்ளே நுழைந்து மவுஸ் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினாலே ஸ்கேல் போய்விடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, 1:100 என்பது 1:103 ஆகியிருக்கும். வியூபோர்ட் சட்டக் கோடு பிரிண்டில் வரக் கூடாது என்றால் அதற்குத் தனி லேயர் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு) வைத்து, லேயர் மேனேஜரில் பிரிண்டர் படத்தை அணைத்துவிடுங்கள். டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் போடுகிறவர்களும் உண்டு. முதல் டைமென்ஷன் போட்டதும் தானாகவே முளைக்கும் லேயர் அது, அதில் இருப்பது எதுவும் பிரிண்டில் வராது. தெரியாமல் சுவரையே அந்த லேயரில் வரைந்துவிட்டு, திரையில் இருக்கிறது பேப்பரில் இல்லையே என்று ராத்திரியெல்லாம் தேடியவர்களை எனக்குத் தெரியும். அதனால் தனி லேயர்தான் என் தேர்வு.

ஒரே தாளில் பிளானுக்கு 1:100, படிக்கட்டு செக்ஷனுக்கு 1:50, ஜன்னல் டீட்டெய்லுக்கு 1:20 என்று மூன்று வியூபோர்ட் போடலாம். மாடல் ஸ்பேஸில் விண்டோ போட்டு எடுக்கும்போது இது முடியாது. டீட்டெய்லைத் தனியாக ஐந்து மடங்கு பெரிதாக்கி வரைந்து, டைமென்ஷனைக் கையால் திருத்தி எழுதுவார்கள். பின்னால் சுவரை நகர்த்தினால் எழுதிய எண் அப்படியே நிற்கும். அதைவிட ஆபத்தான பழக்கம் வேறு கிடையாது.

பிடிஎஃப் கைக்கு வந்ததும் கடைக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. லேஅவுட்டின் மூலையில், டைட்டில் பிளாக்குக்கு மேலே, சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, பத்துப் பத்தாகப் பிரித்து, "இது 100 மி.மீ." என்று எழுதுங்கள். கடையில் பிரிண்ட் வெளியே வந்ததும் காசு கொடுப்பதற்கு முன்பே ஸ்டீல் ஸ்கேலை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். ஸ்கேலின் விளிம்பிலிருந்து வைக்காமல் 10-இல் ஆரம்பித்து 110-இல் முடிகிறதா என்று பாருங்கள், முனை தேய்ந்த ஸ்கேலாக இருந்தாலும் தவறாது. 99.5 வந்தால் விட்டுவிடலாம். 97 வந்தால் அது ஃபிட்டில் எடுத்த பிரிண்ட். கடைக்காரரிடம் "ஆக்சுவல் சைஸ் வைத்து எடுங்கள் அண்ணே, ஏ1 தாள்" என்று சொன்னால் போதும், அவர்களுக்கு விஷயம் தெரியும். நாம் கேட்காததால்தான் ஃபிட்டிலேயே ஓடுகிறது. கோட்டைப் படுக்கையாக ஒன்று, நிமிர்த்தி ஒன்று என்று இரண்டாகப் போடுவது இன்னும் நல்லது. ரோல் பேப்பர் ஓடும் திசையில் மட்டும் அளவு மாறும் பிளாட்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுருக்கி நகல் எடுக்கும்போதும் அந்தக் கோடு காப்பாற்றும். படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும், எவ்வளவு சுருங்கியது என்று அதுவே சொல்லிவிடும். ஏ1-இலிருந்து ஏ3-க்குப் போனால் நீளம் சரியாகப் பாதி, 1:100 என்பது 1:200 ஆகிவிடும், பயன்படுத்தலாம். ஏ1-இலிருந்து ஏ2-க்குப் போனால் 1:141. அப்படி ஒரு ஸ்கேல் எந்தக் கடையிலும் கிடையாது, அதனால் அந்த அளவில் சைட்டுக்குக் கொடுக்காதீர்கள். டைட்டில் பிளாக்கில் வெறுமனே 1:100 என்று போடாமல் "1:100, ஏ1 தாளில்" என்று எழுதுங்கள். பாதியாகச் சுருங்கினால் எழுத்தும் பாதியாகும். தாளில் 2.5 மி.மீ. உயரம் இருந்த எழுத்து 1.25-க்கு வந்துவிடும், வெயிலில் நின்று யாராலும் படிக்க முடியாது. ஏ3 நகல் போகும் என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே 3.5 மி.மீ. வையுங்கள்.

அடுத்தது கோடு தடிமன். மோனோக்ரோம் சிடிபி (எந்த நிறக் கோடு எப்படி பிரிண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) கொடுத்தால் கருப்பு வெள்ளை ஆகும், தடிமன் ஆகாது. அந்த ஃபைலில் எல்லா நிறத்துக்கும் தடிமன் என்ற இடத்தில் "யூஸ் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்" என்றுதான் இருக்கிறது. லேயரில் என்ன தடிமன் கொடுத்தோமோ அதை எடுத்துக்கொள் என்று பொருள். உங்கள் லேயரிலோ எல்லாம் டிஃபால்ட் என்று இருக்கும். டிஃபால்ட் என்றால் 0.25 மி.மீ. சுவரும் 0.25, உள்ளே நிரப்பும் ஹேட்ச் கோடுகளும் 0.25. பிளான் தட்டையாக, எது சுவர் எது ஃபர்னிச்சர் என்று தெரியாமல் வருவது இதனால்தான்.

லேயரிலேயே தடிமன் கொடுத்துவிடுவது ஒரு வழி. சிடிபி-இல் நிறத்துக்கு ஒரு தடிமன் வைப்பது இன்னொரு வழி, பழைய அலுவலகங்களில் இதுதான். சிவப்பு 0.18, மஞ்சள் 0.25, பச்சை 0.35 என்று நிறத்தைப் பேனாவாக நினைப்பது. டிரேசிங் ஷீட்டில் இங்க் பேனா மாற்றி மாற்றிப் போட்டவர்கள் கம்ப்யூட்டருக்கு வந்தபோது அப்படியே கொண்டுவந்த பழக்கம். எந்த வழியாக இருந்தாலும், வெட்டுப்படும் சுவரும் தூணும் 0.5, படிக்கட்டும் தெரியும் விளிம்புகளும் 0.25 அல்லது 0.35, டைமென்ஷன் 0.18, ஹேட்ச் 0.13 என்று வைத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ-வின் தடிமன் வரிசையே 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய 1.4 மடங்காகப் போகும். ஏ அளவுத் தாள்களும் அதே 1.4 மடங்கில் வளர்வதால், ஏ1-ஐ ஏ2-ஆகச் சுருக்கினால் 0.5 கோடு 0.35 ஆகும், 0.35 என்பது 0.25 ஆகும். யோசித்து வைத்திருக்கிறார்கள். சிடிபி ஃபைல் உங்கள் டிராயிங்குக்குள் இருக்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள். டிடபிள்யூஜி-ஐ (டிராயிங் ஃபைலை) மட்டும் வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் அங்கே தடிமன் எல்லாம் போய்விடும். இடிரான்ஸ்மிட் கமாண்ட் கொடுத்தால் சிடிபி, எக்ஸ்ரெஃப் (இணைத்த வேறு டிராயிங்), எஸ்எச்எக்ஸ் எழுத்துரு (ஆட்டோகேடின் சொந்த எழுத்துரு) எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டிக் கொடுக்கும்.

மோனோக்ரோமிலும் கலர் வருவதற்குக் காரணம் ட்ரூ கலர். சிடிபி அட்டவணையில் 255 நிறங்கள்தான் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண் நிறங்களைத்தான் அது கருப்பாக்கும். ஸ்கெட்ச்அப்பிலிருந்தோ ரெவிட்டிலிருந்தோ வந்த டிராயிங்கில், அல்லது நெட்டில் இறக்கிய கார், மரம், சோபா பிளாக்குகளில், சிவப்பு பச்சை நீலம் என்று மூன்று எண்களால் கலந்த நிறம் இருக்கும். அது அட்டவணையிலேயே இல்லை, அதனால் சிடிபி அதைத் தொடாமல் விட்டுவிடும். பிராப்பர்ட்டீஸில் நிறம் ஒரே எண்ணாக இல்லாமல் காற்புள்ளி போட்டு மூன்று எண்களாகத் தெரிந்தால் அதுதான் ஆள். செட்பைலேயர் கமாண்ட் கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள், பிளாக்குகளையும் சேர்க்கவா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். பிறகு லேயர் நிறம் எண்ணில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சென்டர் லைன் புள்ளிக்கோடாக வராமல் நேர்கோடாக வருவதும் இதே மாதிரி எல்லாரையும் படுத்தும். புள்ளிக்கோட்டின் இடைவெளியை முடிவு செய்யும் எல்டிஸ்கேல், பிஎஸ்எல்டிஸ்கேல், எம்எஸ்எல்டிஸ்கேல் மூன்றையும் 1 ஆக்கிவிட்டு, ரீஜென்ஆல் கொடுங்கள். அப்போதும் நேர்கோடாகவே இருந்தால் லைன்டைப்பை (கோட்டின் வகையை) அங்குலக் கணக்கு ஃபைலிலிருந்து ஏற்றியிருக்கிறீர்கள். ஏகேட்ஐஎஸ்ஓ என்று பெயர் இருக்கும் ஃபைலிலிருந்து மறுபடி ஏற்றுங்கள்.

பிடிஎஃப்-ஐத் திறந்தால் எழுத்துகளின் மேல் மவுஸ் போகும் இடமெல்லாம் மஞ்சள் கமெண்ட் பெட்டி வருகிறதென்றால், அது எஸ்எச்எக்ஸ் எழுத்துருவால் வருவது. அந்த எழுத்துகள் கோடுகளாகவே பிடிஎஃப்-க்குள் போகின்றன. தேடினால் கிடைக்கட்டும் என்று ஆட்டோகேட் அவற்றை கமெண்ட்டாகவும் சேர்த்துவிடுகிறது. 2017 பதிப்பிலிருந்து பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ் என்ற வேரியபிளை 0 ஆக்கினால் நின்றுவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த பெயர்ப் பலகையை டிடபிள்யூஜி-ஆக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். யூனிகோடில் அடியுங்கள், நிர்மலா எழுத்துரு விண்டோஸோடு வருகிறது. கொம்பும் காலும் இடம் மாறாமல் வந்திருக்கிறதா என்று பிடிஎஃப்-இல் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிரிண்ட்டுக்குப் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், அதற்குள் எழுத்துருவும் சேர்ந்தே போகும்.

கடைசியாக லேசர் கட்டிங். இங்கே இதுவரை சொன்னதெல்லாம் தலைகீழ். தாள் இல்லை, ஸ்கேல் இல்லை, கோட்டுத் தடிமன் இல்லை. லேசருக்குக் கோடு என்பது வெட்டும் பாதை. மாடல் ஸ்பேஸில் இருக்கும் கேட் டிசைனை மட்டும், மி.மீ.-இல், முழு அளவில், தனி ஃபைலாக எடுங்கள். டைமென்ஷன், டைட்டில், ஹேட்ச் எதுவும் கூடாது, இருந்தால் அதையும் வெட்டுவதா என்று அவர் குழம்புவார். ஓவர்கில் கமாண்ட் கொடுத்து ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்குங்கள். திரையில் ஒரு கோடாகத் தெரிவது உள்ளே இரண்டாக இருந்தால், லேசர் அதே இடத்தில் இரண்டு தரம் போகும், தகட்டின் விளிம்பு கருகும். கோடுகளை பாலிலைனாக (ஒரே தொடர் கோடாக) சேர்த்து மூடிவிடுங்கள். அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் அந்த மென்பொருள் அதை மூடிய வடிவமாக எடுத்துக்கொள்ளாது. "ஃபைல் சரியில்லை" என்று திருப்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிறகு சேவ் ஆஸ் கொடுத்து ஆர்12 டிஎக்ஸ்எஃப்-ஆக (மற்ற மென்பொருள்களும் படிக்கும் வடிவம்) சேமியுங்கள். மிகப் பழைய வடிவம்தான், ஆனால் கட்டிங் மெஷின்கள் பொதுவாகப் படித்துவிடும். ஆர்12-இல் ஸ்ப்லைன் (மென்வளைவு) என்பதே இல்லாததால் வளைவுகள் சிறு சிறு நேர்கோடுகளாக மாறும், சேமித்த ஃபைலை மறுபடி திறந்து வளைவு கரடுமுரடாகிவிடவில்லையே என்று பாருங்கள். யூனிட் அங்குலமா மில்லிமீட்டரா என்பதும் அதில் பதிவாகாது. அங்குலத்தில் வரைந்து அனுப்பினால் அவர் மி.மீ. என்று எடுத்துக்கொள்வார், 48 அங்குல கேட் 48 மி.மீ.-ஆகத் திறக்கும். அனுப்புவதற்கு முன் 25.4-ஆல் பெருக்கிவிடுங்கள். லேசரின் வெட்டு அகலத்துக்காக நீங்களே கோட்டை உள்ளே வெளியே தள்ளி வரையாதீர்கள், அதை மெஷினில் அவர் பார்த்துக்கொள்வார். இருவரும் செய்தால் அளவு தவறும்.

கேட்டில் வீட்டுப் பெயர் வெட்டுகிறீர்கள் என்றால் எழுத்தைக் கவனித்துப் பாருங்கள். எழுத்துருவை அப்படியே அனுப்பாமல் கோடுகளாக உடைத்து அனுப்ப வேண்டும், அதற்கு எக்ஸ்பிரஸ் டூல்ஸில் டெக்ஸ்ட் எக்ஸ்ப்ளோட் இருக்கிறது. அப்புறம், தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டினால், அ, ம, ழ மாதிரி உள்ளே மூடிய வளையம் உள்ள எழுத்துகளில் அந்த வளையத்தின் நடுப்பகுதி கீழே விழுந்துவிடும். ம வெட்டியது போல இருக்காது, ஒரு பொத்தல் போல இருக்கும். வளையத்தின் குறுக்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பாலம் விட்டு வரைய வேண்டும். ப, ட போன்றவை திறந்த எழுத்துகள், அவற்றில் கவலை இல்லை. எழுத்தையே தனித் துண்டாக வெட்டி கேட்டில் ஒட்டுவதாக இருந்தால் சிக்கல் இடம் மாறும். அப்போது வளையம் பிரச்சினை இல்லை, புள்ளிதான் பிரச்சினை. "இல்லம்" என்ற சொல்லில் ல் மேல் ஒன்று, ம் மேல் ஒன்று என்று இரண்டு வட்டங்கள் தனித் துண்டாக வெட்டுப்பட்டு, மெஷின் தொட்டியில் விழுந்து காணாமல் போகும். வெல்டிங் செய்பவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் விழுந்த புள்ளியைத் தேட மாட்டார், "இலலம" என்று மாட்டிவிட்டுப் போவார். புள்ளியை எழுத்தோடு மெல்லிய காம்பால் இணைத்து வரையுங்கள்.

டிஎக்ஸ்எஃப்-ஓடு ஒரு பிடிஎஃப்-ஐயும் சேர்த்து அனுப்புங்கள். அதில் மொத்த அகலம், உயரம், தகடு எத்தனை மி.மீ., எம்எஸ்ஸா (சாதா இரும்பு) எஸ்எஸ்ஸா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), எத்தனை பீஸ் என்று பெரிதாக எழுதியிருக்கட்டும். ஆபரேட்டர் ஃபைலைத் திறந்ததும் முதலில் மொத்த அகலத்தைத்தான் பார்ப்பார். பிடிஎஃப்-இல் 1200 என்று இருந்து அவர் திரையில் 47.24 என்று காட்டினால், தகட்டில் கை வைப்பதற்கு முன்பே உங்களுக்கு ஃபோன் வரும்.